ஒல்ரனேற்றர் சார்ஜ் பண்ணவில்லையா? புதிது வாங்கமுன் அளந்து பாருங்கள்

காலையில் திறப்பைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வயர் போட்டு ஸ்ராட் எடுத்தால் ஓடும். மறுநாளும் அதே பாடு. இந்தக் கட்டத்தில் பலர் நேரே போய்ப் புதுப் பற்றரி வாங்குகிறார்கள். சார்ஜ் வராத வாகனத்தில் அதுவும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். வேறு சிலர், இஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் "ஒல்ரனேற்றர் போட்டுது" (பழுதாகிவிட்டது) என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரீகண்டிசன் (ஜப்பானில் பாவித்துக் கழற்றியது) ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். பிழையோ பெல்ற்றிலோ, பற்றரி நெகட்டிவை வாகன உடம்போடு இணைக்கும் துருப்பிடித்த எர்த் வயரிலோ, சில நூறு ரூபாய்க் காபன் பிறஷிலோ இருந்திருக்கும். ஆகவே முதலில் அளப்பது, பிறகு கழற்றுவது, கடைசியாகத்தான் வாங்குவது. இந்த ஒழுங்கு மாறினால் காசுதான் போகும்.

ஒல்ரனேற்றருக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெல்ற் புல்லியைச் சுற்ற, உள்ளே றோட்டர் சுற்றும். றோட்டர் ஒரு மின்காந்தம். அதற்கான மின் இரண்டு காபன் பிறஷ்கள் வழியாக இரண்டு செப்பு வளையங்களுக்குப் போகிறது. றோட்டரைச் சூழ்ந்த ஸ்ரேற்றர் சுருள்களில் ஆடலோட்ட மின் பிறக்கும். டயோட்கள் அதை நேரோட்டமாக்கும். வெளியே வரும் அழுத்தம் 14 வோல்ற் அளவில் நிற்கும்படி றோட்டருக்குப் போகும் மின்னைக் கூட்டிக் குறைப்பது றெகுலேற்றர். பிறஷ், றோட்டர், ஸ்ரேற்றர், டயோட், றெகுலேற்றர், இவற்றைத் தாங்கும் இரண்டு பெயாரிங். உள்ளே பழுதாக இவ்வளவுதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனங்களில் ஒல்ரனேற்றரே இல்லை. பெரிய பற்றரியிலிருந்து, அழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி ஒன்றின் வழியாகச் சின்னப் பற்றரிக்குச் சார்ஜ் வருகிறது. வகன்ஆரின் புதிய வகைகளில் ஸ்ராட்டரும் சார்ஜ் பண்ணும் பாகமும் ஒன்றாக இருக்கும். இவற்றில் இந்தக் கட்டுரையை வைத்துக் கை வைக்க வேண்டாம். செம்மஞ்சள் நிற வயர் கண்ட இடத்தில் விலகி நில்லுங்கள்.

மீற்றர் எடுக்கமுன் கண்ணும் காதும்

இஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் திறப்பை 'ஓன்' நிலைக்குத் திருப்பி டாஷ்போட்டில் சிவப்புப் பற்றரி லைற்றைப் பாருங்கள். அது எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம், அல்லது ஒல்ரனேற்றருக்குப் போகும் மெல்லிய வயர் எங்கோ அறுந்திருக்கலாம். பல வாகனங்களில் றோட்டருக்கு முதல் மின் கிடைப்பதே இந்த லைற் வழியாகத்தான். லைற் எரியாவிட்டால் சார்ஜும் தொடங்காது. 'லைற் எரியவில்லை, எல்லாம் சரி' என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

ஸ்ராட் ஆனதும் லைற் முழுதாக அணைய வேண்டும். அணையாமல் பிரகாசமாக எரிந்தால் சார்ஜ் இல்லை. மங்கலாக மினுங்கினால் டயோட் ஒன்றோ பிறஷோ சந்தேகம். திறப்பை வெளியே எடுத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தால் டயோட் பழுது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம்.

அடுத்தது பெல்ற். இஞ்சின் நின்றிருக்கும்போது மட்டும் தொடுங்கள். பழைய 'வி' வகைப் பெல்ற் என்றால் இரண்டு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் நன்றாக அழுத்துங்கள். 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை தாழ்ந்தால் சரி. அதற்கு மேல் தாழ்ந்தால் தளர்வு. தாழவே மாட்டேன் என்று நின்றால் அதுவும் பிழைதான், பெயாரிங்கைத் தின்றுவிடும். புல்லியின் பள்ளத்துக்குள்ளும் பாருங்கள். அடி பளபளவென்று இருந்தால் பெல்ற் தேய்ந்து அடியில் முட்டி ஓடுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும், மாற்றத்தான் வேண்டும். காலையில் ஸ்ராட் எடுத்தவுடன் 'கீச்' என்று கத்தி, ஹெட்லைற் போட்டால் கத்தல் கூடினால் பெல்ற் வழுக்குகிறது. மாரி காலத்தில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள்ளால் ஓடிய பிறகு கொஞ்ச நேரம் கத்தி நின்றுவிட்டால் கவலை வேண்டாம். நிற்காவிட்டால் கவனிக்க வேண்டும்.

சாரத்தோடு பொனற்றைத் திறந்து குனியும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இஞ்சின் ஓடும்போது பெல்ற்றுக்கும் விசிறிக்கும் கிட்டத் தொங்கும் துணி எதுவும் கூடாது. மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். ஸ்பனரோடு சேர்ந்து பற்றரி முனையில் பட்டால் விரலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

அளக்கும் ஒழுங்கு

மல்ரிமீற்றரை நேரோட்ட 20 வோல்ற் அளவுக்குத் திருப்புங்கள். சிவப்பு முனை பற்றரியின் பொசிட்டிவில், கறுப்பு நெகட்டிவில்.

1. இரவு முழுக்க நின்ற வாகனம், எல்லாம் அணைத்தபடி: 12.6 வோல்ற் என்றால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0 இற்குக் கீழே என்றால் அநேகமாக வெறுமை. அதை வைத்துக்கொண்டு மேலே சோதித்தால் கணக்குப் பிழைக்கும். முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றுங்கள்.

2. ஸ்ராட் பண்ணி நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று அளவில் ரேஸ் பிடித்தபடி: 13.8 இலிருந்து 14.7 வரை வரவேண்டும். பற்றரியின் பழைய அளவிலிருந்து ஏறவே இல்லை என்றால் சார்ஜ் இல்லை. 15 ஐத் தாண்டினால் றெகுலேற்றர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பற்றரி கொதித்து அழுகிய முட்டை மணம் வருவதும், தண்ணீர் வற்றுவதும், பல்ப் அடிக்கடி எரிந்து போவதும் இதன் அடையாளம். அப்படியே ஓட்டாதீர்கள்.

3. அதே வேகத்தில் ஹெட்லைற் ஹைபீம், ஏசி புளோவர், பின் கண்ணாடி ஹீற்றர் எல்லாவற்றையும் போடுங்கள். 13.3 அளவுக்கு மேல் நின்றால் ஒல்ரனேற்றர் தாங்குகிறது. லோட் இல்லாமல் 14 காட்டி, லோட் கொடுத்ததும் 12.5 இற்கு விழுந்தால் பெல்ற், பிறஷ், டயோட் ஆகிய மூன்றில் ஒன்று.

புதிய ஜப்பான் கார்கள் சிலவற்றில் சார்ஜைக் கம்பியூட்டர் கட்டுப்படுத்தும். பற்றரி நிறைந்திருந்தால் 12.8 என்றுகூடக் காட்டும், பழுது இல்லை. ஹெட்லைற்றைப் போட்டதும் 14 ஐ நோக்கி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சார்ஜ் குறைவாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஒல்ரனேற்றரைக் கழற்ற ஓட வேண்டாம். குறைவு ஒல்ரனேற்றரிலா, வழியிலா என்று பிரிக்கும் சோதனைதான் இந்த வேலையிலேயே பெறுமதியானது. பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

இஞ்சின் ஓட, ஹெட்லைற் எரிய, மீற்றரின் ஒரு முனையை ஒல்ரனேற்றரின் பின்னால் தடித்த வயர் பூட்டியிருக்கும் 'பி' போல்ற்றில் வையுங்கள். மற்ற முனையைப் பற்றரியின் பொசிட்டிவ் முனையில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈய முனையின் தலையிலேயே. 0.3 வோல்ற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு ஒல்ரனேற்றரின் உடம்பில் வெறும் உலோகம் தெரியும் இடத்துக்கும் பற்றரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளங்கள். 0.2 இற்குக் கீழே வேண்டும். முதல் சோதனையில் 1 வோல்ற் காட்டினால் தடித்த வயரோ, பெரிய பியூஸின் போல்ற்றோ, கிளாம்போ பழுது. இரண்டாவதில் கூடக் காட்டினால் எர்த்.

யாழ்ப்பாணத்தில் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் தீவுப் பக்கம் போய்வரும் வாகனங்களில் உப்புக் காற்று முதலில் பிடிப்பது எர்த் வயரின் கண்ணைத்தான். வெளியே பெயின்ற் நல்லாகத் தெரியும். போல்ற்றைக் கழற்றினால் அடியில் பச்சைத் தூளும் செந்துருவும் படிந்திருக்கும். இஞ்சினிலிருந்து பொடிக்கும் (வாகனத்தின் உலோக உடம்பு), பற்றரி நெகட்டிவிலிருந்து பொடிக்கும் போகும் இரண்டு எர்த்தையும் கழற்றி, கம்பித் தூரிகையால் உலோகம் மினுங்கும் வரை தேய்த்துப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். வயரின் உறையை வளைத்துப் பாருங்கள். உள்ளே கறுமுறு என்று நொறுங்கினால் செப்பு உக்கிவிட்டது, வயரை மாற்றுங்கள்.

வழி சுத்தம், பெல்ற் சரி, ஆனாலும் சார்ஜ் இல்லையென்றால் ஒல்ரனேற்றரின் சிறு பிளக்கைப் பாருங்கள். ரொயோட்டாவில் பெரும்பாலும் மூன்று வயர்: 'ஐஜி', 'எஸ்', 'எல்'. திறப்பு 'ஓன்' நிலையில் 'ஐஜி' வயரில் பற்றரி வோல்ற் வரவேண்டும். 'எஸ்' வயரில் எப்போதும் வரவேண்டும். 'எல்' டாஷ்போட் லைற்றுக்குரியது. 'ஐஜி'யில் மின் இல்லையென்றால் பியூஸ் பெட்டியைத் திறந்து தேடுங்கள். 10 அம்பியர் பியூஸ் ஒன்றுக்காக முழு ஒல்ரனேற்றரையும் மாற்றியவர்கள் உண்டு.

டயோட்டைக் கழற்றாமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மீற்றரை ஆடலோட்ட அளவுக்கு மாற்றி, இஞ்சின் ஓட, ஹெட்லைற் எரியப் பற்றரியில் வையுங்கள். 0.1 வோல்ற் அளவு நல்லது. 0.5 இற்கு மேல் என்றால் டயோட் போயிருக்கிறது. ஆனால் மிக மலிவான மஞ்சள் மீற்றர்களில் ஒரு கோளாறு: ஆடலோட்ட அளவில் வைத்தாலும் நேரோட்டத்தைச் சேர்த்துக் காட்டும். 28, 30 என்று வந்தால் பயப்படாமல் முனைகளை மாற்றிப் பிடியுங்கள். பூச்சியம் வந்தால் பிழை மீற்றரில். அந்த மீற்றரால் இந்தச் சோதனை செய்ய முடியாது.

பகலில் சார்ஜ் ஒழுங்காக இருக்க, இரவில் மட்டும் பற்றரி இறங்குவது வேறு வகை. விடியற்காலையில் ஒல்ரனேற்றரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் அது மட்டும் இளஞ்சூடாக இருந்தால், ஒழுகும் டயோட் வழியாகப் பற்றரி உள்ளே வடிந்துகொண்டிருக்கிறது. நிச்சயப்படுத்த, பற்றரி நெகட்டிவைக் கழற்றி இடையில் மீற்றரை 10 அம்பியர் அளவில் பூட்டுங்கள். கதவுகளைப் பூட்டிச் சில நிமிடம் பொறுத்தால் 0.05 அம்பியருக்குக் கீழே வரவேண்டும். கூட வந்தால் மீற்றரை எடுத்துவிட்டு, 'பி' வயரைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி, மீற்றரைத் திரும்பப் பூட்டி மறுபடி பாருங்கள். குறைந்தால் கள்ளன் ஒல்ரனேற்றர்தான். மீற்றர் இப்படிப் பூட்டியிருக்கும்போது ஸ்ராட் பண்ணிவிடாதீர்கள். மீற்றர் கருகும்.

செய்யவே கூடாத இரண்டு

இஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி "நிக்குதோ பாப்பம்" என்று சோதிப்பது ஒல்ரனேற்றர் வரமுன் இருந்த டைனமோ காலத்து வழக்கம். ஒல்ரனேற்றரில் அப்படிச் செய்தால், மின்னை வாங்கும் பற்றரி திடீரென்று இல்லாமற்போக அழுத்தம் ஒரு கணத்தில் 40 வோல்ற்றுக்கு மேல் எகிறலாம். டயோட், றெகுலேற்றர், இஞ்சின் கம்பியூட்டர் எல்லாம் அந்தக் கணத்தில் போகக்கூடும். எவ்வளவு அனுபவமுள்ளவர் கேட்டாலும் விடாதீர்கள். 'பி' வயரைப் பொடியில் உரசிப் பொறி பார்ப்பதும் அப்படித்தான்.

கழற்றுதல்

முதல் வேலை பற்றரி நெகட்டிவைக் கழற்றுவது. அநேகமாக 10 ஸ்பனர். 'பி' போல்ற்றில் எந்நேரமும் மின் இருக்கிறது. நெகட்டிவ் பூட்டியபடி அங்கே ஸ்பனர் போட்டு, அது இஞ்சினில் முட்டினால் பெரிய பொறி பறக்கும். பிறகு வயர்களைப் படம் எடுத்து வையுங்கள். சிறு பிளக்கின் நாக்கை அழுத்தி இழுங்கள். வெய்யிலில் காய்ந்த பிளாஸ்ரிக் உடையும், ஆகவே பலவந்தம் வேண்டாம். 'பி' நட்டைக் கழற்றுங்கள். 12 ஸ்பனரால் சரிசெய்யும் போல்ற்றையும் 14 ஆல் அடிப் போல்ற்றையும் தளர்த்தி, ஒல்ரனேற்றரை இஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ற் கழன்றுவிடும். அளவுகள் வாகனத்துக்கு வாகனம் மாறும். சில கார்களில் கீழிருந்துதான் எடுக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்ராண்ட் வையுங்கள்.

பெல்ற் கழன்றதும் புல்லியைக் கையால் சுற்றிக் காதைக் கிட்ட வையுங்கள். 'கரகர' என்றால் பெயாரிங். எண்ணெய் பூசியதுபோல் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். புல்லியை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது.

உள்ளே

ஜப்பான் கார்களில் வரும் டென்சோ ஒல்ரனேற்றர்களில் பெரும்பாலானவற்றைப் பிறஷ் மாற்றுவதற்காக இரண்டாகப் பிளக்க வேண்டியதில்லை. பின்மூடியின் சிறு நட்டுகளைக் கழற்றினால் பிறஷ் பெட்டியும் றெகுலேற்றரும் டயோட் தட்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பிறஷ் வெளியே நீண்டிருக்கும் அளவைப் பாருங்கள். புதியதில் 10 மில்லிமீற்றர் அளவு. 1.5 வரை விடலாம் என்று கம்பனிப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் கழற்றியாயிற்று, 5 இற்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். மறுபடி கழற்றும் கூலி பிறஷின் விலையைவிடக் கூட. ஒன்று நீளம், ஒன்று கட்டை என்று இருந்தால் கட்டையானது பெட்டிக்குள் சிக்கியிருக்கிறதா பாருங்கள். செம்மண் தூசும் எண்ணெயும் சேர்ந்து களியாகிப் பிறஷைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பிறஷ் தேயாமலே வளையத்தில் முட்டாது.

பிறஷ் ஓடும் இரண்டு வளையங்களைத் துணியால் துடையுங்கள். கறுப்பாக இருந்தால் 400 அல்லது 600 இலக்கச் சாண்ட் பேப்பரை வளையத்தைச் சுற்றிப் பிடித்து, றோட்டரைச் சுற்றித் தேயுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் பள்ளம் விழும். நகம் சிக்கும் அளவு தடம் இருந்தால் லேத்துக்குக் கொடுக்க வேண்டும். பிறகு மீற்றரை ஓம் அளவில் வைத்து இரண்டு வளையங்களுக்கும் இடையே அளங்கள். 2 முதல் 5 ஓம் வரை நல்லது. வாசிப்பே இல்லையென்றால் சுருள் அறுந்தது. வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே வாசிப்பு எதுவும் வரக்கூடாது. அளக்கமுன் மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, அது காட்டும் 0.3 போன்ற அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டயோட்களை மீற்றரின் டயோட் நிலையில் பாருங்கள். ஸ்ரேற்றர் வயர்கள் பூட்டியபடி அளந்தால் ஒன்று மற்றதன் வழியாகக் காட்டும். அவற்றை முதலில் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் 0.4 முதல் 0.7, முனையை மாற்றினால் ஒன்றுமில்லை என்று வந்தால் நல்ல டயோட். இரு பக்கமும் காட்டினால் சோட் சேர்க்கிட். இரு பக்கமும் காட்டாவிட்டால் அறுந்தது. ஒன்று போனாலும் முழுத் தட்டையும் மாற்றுவதே நல்லது. ஸ்ரேற்றரின் மூன்று முனைகளுக்கும் இடையே ஒரேயளவு சிறு தடை வரவேண்டும், உடம்போடு தொடர்பு கூடாது. சுருள் கருகி எரிந்த மணம் வந்தால் அளக்கத் தேவையில்லை. வைண்டிங் பட்டறையில் கட்டுவிப்பதா, வேறு ஒல்ரனேற்றர் எடுப்பதா என்று விலை கேட்டுப் பாருங்கள். என் கணிப்பில், ஸ்ரேற்றரும் றோட்டரும் நல்லாக இருக்கும் பழைய டென்சோவுக்குப் புதுப் பிறஷும் பெயாரிங்கும் போடுவது, பெயர் தெரியாத மலிவுப் புது ஒல்ரனேற்றரைவிட நீண்டகாலம் உழைக்கும். ஸ்ரேற்றர் எரிந்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

பெயாரிங் வாங்கப் பழையதன் விளிம்பில் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 6303, 6203 என்று இருக்கும். இரு பக்கமும் றப்பர் மூடியுள்ள '2ஆர்எஸ்' வகையைக் கேளுங்கள். பிறஷ், றெகுலேற்றர், பெயாரிங் எதுவானாலும் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்பதைவிடச் சாம்பிள் காட்டினால் வேலை சுகம். அங்கே இல்லாததைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிக்கலாம். ரீகண்டிசன் ஒல்ரனேற்றர் வாங்குவதானால் பூட்டமுன் பின்மூடியைத் திறந்து பிறஷைப் பாருங்கள். ஜப்பானில் ஓடிய ஓட்டமெல்லாம் அதில் தெரியும்.

மறுபடி பூட்டும்போது

பிளந்து வேலை செய்யும் வகைகளில் பிறஷை உள்ளே அழுத்தி, பின்னால் உள்ள சிறு துளைக்குள் ஒரு கம்பியைச் செருகி நிறுத்திவிட்டுத்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் பிறஷ் உடையும். சைக்கிள் ஸ்போக் ஒன்றை வெட்டினால் அளவாக இருக்கும். மூடியதும் கம்பியை இழுக்க மறக்காதீர்கள்.

'பி' நட்டு இறுகியிருக்கிறதா என்று இரு தடவை பாருங்கள். தளர்ந்த 'பி' நட்டு சூடேறி, பிளாஸ்ரிக்கை உருக்கி, சில வேளை தீயும் வைக்கும். றப்பர் தொப்பியை மூடுங்கள். பற்றரி நெகட்டிவ் கடைசியில். பிறகு மேலே சொன்ன மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள். இறங்கிய பற்றரியை ஒல்ரனேற்றரே ஏற்றட்டும் என்று விடாமல் சார்ஜரில் போடுங்கள். 45 அம்பியர் மணித்தியாலப் பற்றரிக்கு 4.5 அம்பியர் அளவில் ஓர் இரவு. வெறும் பற்றரியை ஏற்ற ஒல்ரனேற்றர் முழுப் பலத்தோடு மணிக்கணக்கில் ஓடினால், நம் ஊர்ச் சித்திரை வெய்யிலில் புது டயோட்டும் தாங்காது. புதுப் பெல்ற் சில நூறு கிலோமீற்றரில் இழுபடும், அதை ஒருமுறை இறுக்க வேண்டும்.

டீசல் வான்களில் இன்னொரு சங்கதி. டொல்பின் வகை ஹயஸ் போன்றவற்றில் ஒல்ரனேற்றரின் பின்னால் பிறேக்குக்கான வக்கியூம் பம்ப் பூட்டியிருக்கும். அதற்கு இஞ்சின் ஒயில் போகிறது. உள் ஒயில் சீல் போனால் ஒயில் ஒல்ரனேற்றருக்குள் வந்து பிறஷை நனைத்துக் கெடுக்கும். சீலை மாற்றாமல் பிறஷை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் திரும்ப அதே வேலை. பூட்டிய பிறகு ஒயில் மட்டம் பாருங்கள். இஞ்சின் ஓட, பிறேக்கை மிதித்துப் பாருங்கள். மரம்போல் இறுகியிருந்தால் வக்கியூம் குழாய் ஒழுங்காகப் பூட்டவில்லை. வீதியில் இறக்க வேண்டாம்.

வழியில் சிவப்பு லைற் எரிந்தால்

கொழும்பிலிருந்து வரும்போது ஏ9 வீதியில் எரிகிறது என்று வையுங்கள். முதலில் வெப்ப மீற்றரைப் பாருங்கள். பெல்ற் அறுந்திருந்தால், பல வாகனங்களில் அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றும். அப்படியானால் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சூடேறி இஞ்சின் ஹெட் போகும். வக்கியூம் பம்ப் உள்ள வானில் பெல்ற் அறுந்தால் பிறேக்கும் இறுகும். பெல்ற் இருக்கிறது, சூடு ஏறவில்லை என்றால் ஏசி, புளோவர், றேடியோ எல்லாம் அணைத்துப் பகலோடு பகலாக ஓட்டலாம். முறிகண்டியில் கும்பிட நிறுத்தினாலும் இஞ்சினை நிற்பாட்ட வேண்டாம். ஒருவர் வாகனத்திலேயே இருக்கட்டும், மறுபடி ஸ்ராட் எடுக்கப் பற்றரியில் வலு இருக்காது. ஹெட்லைற் மட்டும் 9 அம்பியர் அளவு குடிக்கும். ஆகவே இருட்டமுன் எங்காவது கராஜில் சேர்ந்துவிடுங்கள்.

ஒஸ்ரினும் மொறிஸும் வைத்திருப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் வகைகளில் முதலில் இருந்தது 20 அம்பியர் அளவு தரும் டைனமோ. அதை எடுத்துவிட்டு ஜப்பான் ஒல்ரனேற்றர் பூட்டுவது நல்ல வேலைதான். ஆனால் அந்தக் கார்களில் பல, பொசிட்டிவ் பொடியில் பூட்டிய பொசிட்டிவ் எர்த் வயரிங். அப்படியே ஒல்ரனேற்றரைப் பூட்டிப் பற்றரியை இணைத்த கணத்தில் டயோட் எல்லாம் எரியும். முதலில் பற்றரியைத் திருப்பி நெகட்டிவைப் பொடிக்குக் கொடுங்கள். இக்னிசன் கொயிலின் இரு சிறு வயரையும், அம்பியர் மீற்றர் இருந்தால் அதன் வயரையும் மாற்றுங்கள். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்டவுட் பெட்டியைச் சுற்றிலிருந்து விலக்குங்கள். டைனமோவுக்குப் போன பழைய வயர் 40 அம்பியரைத் தாங்காது. 'பி' போல்ற்றிலிருந்து பற்றரிப் பக்கத்துக்கு ஆகக் குறைந்தது 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் புதிதாக இழுத்து, நடுவில் பெரிய பியூஸ் ஒன்றும் வையுங்கள். வேலை முடிந்ததும் பொனற்றின் உட்புறத்தில் 'நெகட்டிவ் எர்த்' என்று பெயின்றால் பெரிதாக எழுதிவிடுங்கள். அடுத்தமுறை பற்றரி மாற்ற வருபவர், பழைய ஒஸ்ரின் என்றால் பொசிட்டிவ் எர்த்தாகத்தான் இருக்கும் என்று நினைத்து மாறிப் பூட்டிவிடுவார்.